படகில் ஏற்றும் முன் அவரிடம் கேளுங்கள்

(தேவாரத்தில் நடைபெற்ற நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. இனி ஒவ்வொரு தெருவிலிருந்தும் வேன் கிளம்பும். சிலர் குமுளி வழியாகத் தேக்கடிக்குப் போவார்கள். சிலர் இராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள். போகிற இடத்தில் தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் இருந்தால் படகும் இருக்கிறது. மலையடிவாரத்தில் இருக்கிற நமக்குப் படகைப் பார்த்ததும் ஏறத் தோன்றும். அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் நம் குடும்பங்களில் வீல்சேரில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். சிறுவயதில் போலியோ வந்தவர்கள், ஏலத் தோட்டத்துக்குப் போகும்போது ஜீப் கவிழ்ந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், மிளகு பறிக்க மரமேறி விழுந்தவர்கள், பக்கவாதம் வந்த அத்தாமார்கள், பிறந்ததிலிருந்தே நடக்க முடியாத பிள்ளைகள் என்று எல்லோரும் நம்மிடையே உண்டு. படகுத்துறைக்குப் போனதும் இவர்களுக்கு என்ன நடக்கிறது? இன்று பேசப் போவது அதைப் பற்றித்தான்.

பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. "நீ வேனிலேயே இரு, நாங்கள் ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடுகிறோம்" என்று விட்டுவிட்டுப் போகிறோம். அல்லது நான்கு இளைஞர்கள் சேர்ந்து, அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், மூட்டையைத் தூக்குவது போல் தூக்கிப் படகில் போடுகிறோம். முதலாவது மனதை உடைக்கிறது. இரண்டாவது எலும்பை உடைக்கிறது.

நம் பகுதிச் சகோதரி ஒருவர் எங்களிடம் சொன்னதைப் பெயர் சொல்லாமல் இங்கே சொல்கிறோம். குடும்பத்தோடு கடற்கரை ஊருக்குப் போயிருக்கிறார். மற்றவர்கள் படகில் போய் வரும் வரை வேனில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டும் வெயில் தாங்கவில்லை. அவர் வருத்தப்பட்டது வெயிலுக்காக அல்ல. "என்னால் ஏற முடியாது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். என்னைக் கேட்டிருந்தால் எப்படி ஏற்றலாம் என்று நானே சொல்லியிருப்பேன். முடியாத இடமாக இருந்தால் முடியாது என்றும் நானே சொல்லியிருப்பேன்" என்றார். நாம் இன்று சொல்ல வந்தது முழுவதும் அந்தச் சகோதரியின் பேச்சில் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் கண் பார்வையில்லாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்குப் பாங்கு சொல்லும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. மதீனாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவருக்குக் கொடுக்கப்பட்டதுண்டு. அவரை யாரும் ஒரு மூலையில் உட்கார வைக்கவில்லை. நம் வீட்டில் இருப்பவரிடம் நாம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா?

இன்னொரு வரலாறும் உண்டு. உம்மு ஹராம் (ரலி) என்ற சஹாபிப் பெண்மணி, கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் முஸ்லிம்களின் கப்பற்படையோடு சைப்ரஸ் தீவுக்குப் போனார். அலைகளைக் கடந்து நல்லபடியாகக் கரை சேர்ந்தார். கரையில் வாகனப் பிராணியிலிருந்து விழுந்து அங்கேயே வஃபாத்தானார். அவர்களின் அடக்கஸ்தலம் சைப்ரஸின் லார்னக்கா ஊரில் இன்றும் இருக்கிறது. அவர்களுடைய அந்தஸ்து பெரியது. அதை நாம் இங்கே அளக்க வரவில்லை. பயணிகளாகிய நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆபத்து நடுக்கடலில் மட்டும் இல்லை, ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் இருக்கிறது. வீல்சேரில் இருப்பவருக்கு இது இரண்டு மடங்கு உண்மை.

முதலில், எந்தப் படகில் ஏறுவது?

இதைச் சரியாக முடிவு செய்யாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. மீன்பிடிப் படகு மீன் பிடிப்பதற்காகக் கட்டப்பட்டது. பயணிகள் உட்கார இருக்கை இருக்காது, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது, எல்லோருக்கும் போதிய லைஃப் ஜாக்கெட்டும் பெரும்பாலும் இருக்காது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் விடுமுறைக்கு வந்த குடும்பம் ஏறிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளாவின் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து, அங்கும் 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு, இருட்டும் நேரத்தில் கிளம்பிய படகு அது. இறந்தவர்களில் 11 பேர் ஒரே குடும்பத்தார். நம்மைப் போலவே விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்த முஸ்லிம் குடும்பம். நமக்குப் பக்கத்திலேயே, 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

நன்றாக நடக்கிறவர்களே தப்ப முடியாமல் போன இடங்கள் இவை. ஆகவே அனுமதி பெற்ற, பயணிகளுக்கான படகில் மட்டும் ஏறுங்கள். மச்சானுடைய நண்பரின் ஃபைபர் படகு, காசில்லாமல் கூட்டிப் போகிறார் என்பதற்காக ஏறாதீர்கள். கடற்கரை ஊரில் வாழ்கிற வீல்சேர் பயன்படுத்துபவர் சிலருக்குப் பிழைப்புக்காகவே மீன்பிடிப் படகில் ஏற வேண்டியிருக்கலாம். கரையில் கட்டியிருக்கும் படகில் ஏறி உட்கார்ந்து பார்க்க நம் பிள்ளை ஆசைப்படலாம். எந்தப் படகானாலும் ஏற்றும் முறை ஒன்றுதான். அதை இப்போது வரிசையாகச் சொல்கிறோம்.

ஒன்று: கேட்பது.

கரைக்குப் போய்க் கேட்பது தாமதம். வீட்டிலேயே கேளுங்கள். "வர விருப்பமா? எந்தப் பக்கம் பிடித்தால் வலிக்கும்? எந்த இடத்தில் உணர்ச்சி இல்லை? கால் திடீரென்று விறைத்து உதறுமா? சிறுநீர் டியூப் எந்தப் பக்கம் இருக்கிறது? யார் தூக்கினால் உங்களுக்குச் சம்மதம்?" கடைசிக் கேள்வி நம் பெண்களுக்கு மிக முக்கியம். படகுத்துறையில் அறியாத ஆண்கள் உதவி செய்ய ஓடி வருவார்கள். நல்ல மனதோடுதான் வருவார்கள். ஆனால் அந்தப் பெண் கூச்சத்தில் உடம்பை முறுக்கிக்கொள்வார், பிடி நழுவும். கணவர், மகன், அண்ணன், தம்பி என்று தூக்கப் போகிறவர்களை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் கண்ணியமும் காப்பாற்றப்படும், உயிரும் காப்பாற்றப்படும்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீளமான புர்காவும் தொங்குகிற துப்பட்டாவும் வீல்சேர் சக்கரத்தில் சுற்றும், நனைந்தால் கனத்து இழுக்கும். உடம்பை மறைக்கிற, ஆனால் தொங்காத சல்வாரும் இறுக்கமாகக் குத்திய குட்டையான முக்காடும் போதும். லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். அதன் மேல் புர்கா போடக் கூடாது.

இரண்டு: இடத்தைப் பார்ப்பது.

பெரியாறு அணையின் நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்க்கிற மாவட்டம் நம்முடையது. 142 அடி என்ற கணக்கு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அணையில் தேங்கிய நீர்தான் தேக்கடி ஏரி. அணை மட்டம் ஏறி இறங்கும்போது கரைக்கும் படகுக்கும் இடையே உள்ள உயரமும் மாறும். போன வருடம் எளிதாக ஏறினோம் என்பது இந்த வருடத்துக்குச் சாட்சி ஆகாது. ஆகவே குடும்பத்தில் ஒருவர் முதலில் தனியாக இறங்கிப் போய்ப் பார்த்து வர வேண்டும். துறை வரைக்கும் படியா, சாய்தளமா? படகின் விளிம்பு துறையைவிட எவ்வளவு உயரம் அல்லது தாழ்வு? நடுவில் எவ்வளவு இடைவெளி? தரை வழுக்குகிறதா? இதையெல்லாம் திரும்பி வந்து வீல்சேரில் இருப்பவரிடம் சொல்லுங்கள். போகலாமா என்பதை அவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

சில இடங்களில் பலகை போட்டு ஏற்றுவார்கள். மீனவர்கள் நடந்து ஏறும் குறுகிய பலகையில் வீல்சேரை உருட்டவே கூடாது. சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். அந்த நீளம் இல்லாவிட்டால் அது செங்குத்து. ஆளை உட்கார வைத்து உருட்டினால் பின்பக்கமாகக் கவிழும்.

துறையே இல்லாத மணல் கரையில் வீல்சேரின் சின்ன முன்சக்கரம் புதையும். பின்னோக்கித் திருப்பி, முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கி, பெரிய சக்கரத்தில் இழுத்துப் போக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்குவதை எல்லாக் கடற்கரையிலும் பார்க்கலாம். அதன் கைப்பிடி ஓர் ஆளின் எடையைத் தூக்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல, ஒடிந்துவிடும். கரையில் அலை உடைகிற நாளில் எந்த முறையும் உதவாது. அன்று ஏற வேண்டாம்.

மூன்று: படகை நிறுத்துவது.

படகை முன்னும் பின்னும் இரண்டு கயிற்றால் துறையோடு ஒட்டிக் கட்டச் சொல்லுங்கள். ஒரே கயிறாக இருந்தால் படகின் மறுமுனை விலகிப் போகும், நடுவில் இடைவெளி திறக்கும். எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். கூட்டம் ஏறுவதற்கு முன் வீல்சேரில் இருப்பவர் ஏற வேண்டும். இறங்கும்போது கூட்டம் இறங்கிய பிறகு கடைசியாக இறங்க வேண்டும். அவர் ஏறும்போது படகுக்குள் தேவையானவர்கள் மட்டும் இருக்கட்டும். படகுக்கும் துறைக்கும் நடுவில் யாரும் கையோ காலோ வைக்க வேண்டாம், நசுங்கிவிடும்.

நான்கு: ஆள் வேறு, வீல்சேர் வேறு.

இதை நன்றாக நினைவில் வையுங்கள். ஆளோடு சேர்த்து வீல்சேரைத் தூக்கிப் படகில் வைக்கக் கூடாது. தூக்குகிறவர்களில் ஒருவர் தடுமாறினால் ஆளும் இரும்பும் சேர்ந்து தண்ணீருக்குள் போய்விடும். முதலில் ஆள், பிறகு மடித்த வீல்சேர். பேட்டரியில் ஓடும் வீல்சேர் கனமானது, அதைக் கரையிலேயே ஒருவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

படகின் விளிம்பும் துறையும் ஏறக்குறைய ஒரே உயரமாக இருந்தால் தூக்கவே தேவையில்லை. வீல்சேருக்குப் பிரேக் போட்டு, கால்பலகையை அகற்றி, அவரைத் துறையின் ஓரத்தில் மெத்தையின் மேல் உட்கார வையுங்கள். பிறகு முதலில் கால்களைப் படகுக்குள் எடுத்து வைத்து, அடுத்து இடுப்பை நகர்த்தி விளிம்பில் உட்கார வைத்து, அங்கிருந்து உள்ளே இறக்குங்கள். கைகளில் பலம் உள்ளவர்கள் இதை ஏறக்குறைய தாங்களே செய்துகொள்வார்கள். நாம் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொண்டால் போதும்.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு பேர் தூக்குங்கள். பலசாலி பின்னால் நிற்கட்டும். வீல்சேரில் இருப்பவர் இரு கைகளையும் மார்புக்கு முன் மடித்துக்கொள்ள, பின்னால் நிற்பவர் அக்குளுக்கு அடியில் கைகளை நுழைத்து அவருடைய முன்கைகளைப் பிடிக்க வேண்டும். மற்றவர் முழங்காலுக்குச் சற்று மேலே தொடைக்கு அடியில் பிடிக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாதம் வந்தவருக்குத் தோள்மூட்டு எளிதில் கழன்றுவிடும். நீங்களும் முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்குங்கள். எண்ணுவது யார்? வீல்சேரில் இருப்பவர்தான். அவர் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணட்டும். அவர் மூன்று சொல்லாமல் ஒருவரும் அசையக் கூடாது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று சொல்வோம் இல்லையா? தூக்குகிறவர் அப்படி நிற்கவே கூடாது. ஒரு கால் துறையிலும் ஒரு கால் படகிலும் வைத்திருக்கும்போது படகு அசைந்தால் மூவரும் விழுவார்கள். கரையில் இருவர், படகுக்குள் இருவர் நிற்க வேண்டும். கரையில் இருப்பவர்கள் அவரை விளிம்பில் உட்கார வைப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டு "பிடித்துவிட்டோம்" என்று வாயால் சொன்ன பிறகுதான் கரையில் இருப்பவர்கள் கையை விட வேண்டும்.

ஐந்து: படகுக்குள்.

கரையிலேயே, ஏறும் முன்பே, லைஃப் ஜாக்கெட் போட்டுவிடுங்கள். உதவி செய்பவர்களும் போட வேண்டும். கொக்கிகள் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். ஜாக்கெட் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தால் அது பெரிய அளவு, மாற்றிக் கேளுங்கள். படகின் நடுவில், தாழ்வான இடத்தில், முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து உட்கார வையுங்கள். விழாமல் இருக்கட்டும் என்று பாசத்தில் துண்டால் கட்டாதீர்கள், வீல்சேர் பெல்ட்டையும் மாட்டாதீர்கள். படகு சாய்ந்தால் அந்தக் கட்டே ஆளைக் கீழே இழுத்துவிடும். கட்டுக்குப் பதிலாகப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது, செல்ஃபி எடுப்பதும் கிடையாது.

உணர்ச்சி இல்லாத உடம்புக்குச் சூடு தெரியாது. வெயிலில் காய்ந்த ஃபைபர், எஞ்சின் மூடி, ஆணி, தூண்டில் முள் எதுவானாலும் காயமான பிறகுதான் கண்ணில் படும். அது படுக்கைப் புண்ணாகிப் பல மாதம் படுக்க வைத்துவிடும். வீல்சேர் மெத்தையைக் கழற்றி அவருக்கு அடியில் போடுங்கள். திரும்பி வந்ததும் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகுத்தண்டில் மேல்பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கு வியர்க்காது, உடம்பு சீக்கிரம் கொதித்துவிடும். குடையும் குடிதண்ணீரும் அவசியம்.

ஆறு: வேண்டாம் என்று சொல்வது.

லைஃப் ஜாக்கெட் இல்லையா? கணக்குக்கு மேல் ஆள் ஏற்றுகிறார்களா? பொழுது சாய்ந்துவிட்டதா? "சீக்கிரம், சீக்கிரம்" என்று படகுக்காரர் அவசரப்படுத்துகிறாரா? இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். அப்படிப்பட்ட படகில் அவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறுவதும் சரியல்ல. அவருக்கு ஆபத்தான படகு உங்கள் பிள்ளைக்கும் ஆபத்தானதுதான். எல்லோரும் சேர்ந்து கரையில் உட்கார்ந்து கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடுங்கள். வேனில் தனியாக உட்கார்ந்திருப்பதும், குடும்பமே கரையில் சேர்ந்து உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல.

இதையெல்லாம் துறையில் போய் முதல்முறையாகச் செய்து பார்க்காதீர்கள். வீட்டில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், திண்ணையிலிருந்து தரைக்கும் பழகுங்கள். தோட்டத்துக்குப் போகும் ஜீப்பை நிறுத்தி அதன் பின்பக்கம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். இந்தப் பழக்கம் படகுக்கு மட்டுமல்ல. பள்ளிவாசல் படியில், கல்யாண மண்டபத்தில், மதுரை பஸ்ஸில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்று வருடம் முழுவதும் உதவும். முறையாகக் கற்க விரும்புவோருக்குத் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. உடம்பு அசையாத ஒருவர் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறார் என்றால், நம் வீட்டில் இருப்பவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்தானே?

அரசிடம் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பொது இடங்களும் போக்குவரத்தும் அவர்கள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் வீல்சேர் அலை அருகே போகும்படி மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தது, மறுபடியும் சரிசெய்தார்கள். மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் கேட்டதால்தான் அது வந்தது. நம் மாவட்டத்தில் சுற்றுலா வருகிற நீர்நிலைகளில் சாய்தளமும் கைப்பிடியும் வேண்டும் என்று திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். எழுதித் தர நாங்கள் இருக்கிறோம். மனுவில் முதல் கையெழுத்து வீல்சேரில் இருப்பவருடையதாக இருக்கட்டும்.

சகோதரர்களே, இந்த விடுமுறைக்கு வேன் பேசும்போது உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் வீல்சேரில் இருப்பவரையும் சேர்த்து ஆள் கணக்கு எடுங்கள். அவருக்கு ஓர் இருக்கை, மடித்த வீல்சேருக்கு ஓர் இடம், தூக்கத் தெரிந்த நான்கு பேர். இவை சரியாக இருந்தால் மற்றதை அவரே சொல்லித் தருவார், இன்ஷா அல்லாஹ்.

போகிற எல்லோரையும் அல்லாஹ் நல்லபடியாக வீடு கொண்டு வந்து சேர்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.